படுக்கையறைக் கடிகாரம்: எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணிக்கு?

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. நான்கறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. கணவர் உட்லண்ட்ஸில் மின்னணுச் சில்லு ஆலையில் பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட் பார்க்கிறார். ஒன்பது வயது மகன் தொடக்கநிலை 3 படிக்கிறான். 71 வயது மாமியாரும் மகனும் ஒரே அறையில் படுக்கிறார்கள். அந்த அறையின் சன்னல் பொது நடைபாதையைப் பார்த்தது. டியூஷன், வீட்டுப்பாடம், அப்புறம் கொஞ்ச நேரம் ஐபேட் என்று எல்லாம் முடிந்து மகன் கண்ணயர இரவு பத்தே முக்கால் ஆகிறது. பள்ளிப் பேருந்து 6.20க்கு வந்துவிடும் என்பதால் 5.45க்கே எழுப்ப வேண்டும். தினமும் அழுகை, கோபம். மாமியாரோ எட்டரைக்குப் படுத்து, அதிகாலை மூன்றரைக்கு விழித்துக்கொள்கிறார். மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறார். காலை ஏழு மணிக்குக் கீழே நடக்கப் போகிறார். "எனக்குத் தூக்கமே இல்லை" என்பது அவருடைய தினசரி வருத்தம். சில ஆண்டுகளாக இரவில் தூக்க மாத்திரை எடுத்து வருகிறார்.

இதற்கெல்லாம் தீர்வாக வாசகி இணையத்தில் 269 வெள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் கடிகாரம் வாங்கியிருக்கிறார். இரவில் செம்மஞ்சள் ஒளி, காலையில் சூரியன் உதிப்பதுபோல் மெல்லக் கூடும் ஒளி, கூடவே திறன்பேசிச் செயலியில் தூக்கத்துக்கு மதிப்பெண். மகனுக்கு அதில் 'கடல்' என்ற நீல ஒளிதான் பிடித்திருக்கிறது. விடிய விடிய அதுதான் எரிகிறது. மூன்று வாரமாகியும் யாருடைய தூக்கமும் மாறவில்லை. கணவர் "திருப்பிக் கொடுத்துவிடு" என்கிறார். வாசகி கேட்பவை: இரவில் உடலை உறக்கத்துக்குத் தயாராக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சிவப்பு ஒளி சுரக்க வைக்கும் என்பது உண்மையா? நீல ஒளி மகனின் கண்ணைக் கெடுக்குமா? சிவப்பு ஒளி கிட்டப்பார்வைக்கும் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே? கடிகாரம் இருப்பதால் அத்தையின் மாத்திரையை நிறுத்திவிடலாமா? பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

சகோதரி, உங்கள் வீட்டில் மூன்று பேருடைய தூக்கம் மூன்று விதமாகக் கலைந்திருக்கிறது. ஒரே பெட்டியை வைத்து மூன்றையும் சரிசெய்ய முயன்றிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கிய பொருள் பயனற்றது அல்ல. ஆனால் அது செய்யக்கூடிய வேலை சிறியது. ஒளியின் நிறத்தைவிட அதன் அளவும், அது கண்ணில் படும் நேரமும்தான் உடலுக்கு அதிகம் பேசும். அதைவிடவும் முக்கியமானது, உங்கள் மகன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பது.

ஒளியும் மெலடோனினும்

நம் விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் செல்களும் இருக்கின்றன. அவற்றில் மெலனாப்சின் என்ற நிறமி உண்டு. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு அது மிக அதிகமாக வினைபுரியும். இந்தச் செல்கள் மூளையின் அடிப்பகுதியில் உள்ள உயிரியல் கடிகார மையத்துக்கு "இன்னும் பகல்தான்" என்று தகவல் அனுப்பும்வரை மெலடோனின் சுரப்பு அடங்கியே இருக்கும். இருட்டினால், வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே அது மெல்ல ஏறத் தொடங்கும்.

ஆக, சிவப்பு ஒளி மெலடோனினைச் சுரக்க வைப்பதில்லை. அது மற்ற நிறங்களைவிடக் குறைவாகத் தடுக்கிறது, அவ்வளவுதான். விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. சிவப்போ செம்மஞ்சளோ, அதிகப் பிரகாசத்தில் முகத்துக்கு நேராக எரிந்தால் அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். இருட்டுதான் சிறந்தது. இருட்டில் படுக்கப் பயம், அல்லது நடுவில் எழ வேண்டியிருக்கிறது என்றால் மங்கலான செம்மஞ்சள் ஒளி அதற்கு அடுத்தபடி நல்லது.

எவ்வளவு மங்கல் என்று கேட்பீர்கள். 2022இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பெரியவர்களுக்காக ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். மெலனாப்சின் உணரும் அளவில் கணக்கிட்டு, பகலில் குறைந்தது 250 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), படுக்கைக்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் அதிகபட்சம் 10, தூங்கும்போது அதிகபட்சம் 1 என்றார்கள். பிள்ளைகளின் கண் வில்லை தெளிவானது, கண்மணியும் பெரியது. அதே விளக்கு பெரியவர்களைவிட அவர்களுடைய மெலடோனினை அதிகமாகத் தடுக்கும். உங்களிடம் அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அறை விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, மகனின் படுக்கையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் வெளிச்சம் அதிகம்.

அப்படிப் பார்க்கும்போது கடிகாரத்தையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். நடைபாதை விளக்கு இரவு முழுவதும் எரியும் வெள்ளை விளக்கு. சன்னல் திரை மெல்லியதாக இருந்தால் நீங்கள் 269 வெள்ளி கொடுத்து வாங்கிய ஒளியைவிட, காசில்லாமல் வரும் அந்த ஒளிதான் அறையை ஆள்கிறது. என்னிடம் வரும் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தடித்த உள்துணி தைத்த திரை போடுங்கள். காற்று வேண்டுமே என்றால் சன்னலின் மேல்பகுதியைத் திறந்து வைத்து, விசிறியை வையுங்கள். விளக்கு நேராகக் கட்டில்மேல் விழுகிறது என்றால் நகர மன்றத்தில் சொல்லிப் பாருங்கள். பாதுகாப்புக்கான விளக்கை அணைக்க மாட்டார்கள். கோணத்தை மாற்றவோ மறைப்பு பொருத்தவோ முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

நீல ஒளி கண்ணைக் கெடுக்குமா என்ற கவலையை விட்டுவிடுங்கள். பகலில் வானத்திலிருந்து கண்ணுக்குள் வரும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் இந்தக் கடிகாரத்தின் ஒளி மிகமிகச் சொற்பம். விழித்திரையை அது புண்ணாக்காது. ஆனால் தூக்கத்துக்கு, இருக்கும் நிறங்களிலேயே பொருந்தாத நிறத்தை உங்கள் மகன் தேர்ந்தெடுத்திருக்கிறான். கடலைப் பார்த்தால் மனசுக்கு அமைதி என்று அவன் சொல்வதை மறுக்க வேண்டாம். மாலை ஆறு மணிக்குப் படிக்கும்போது அந்த 'கடல்' எரியட்டும். இரவில் வேண்டாம்.

கிட்டப்பார்வை விஷயத்தில் மட்டும் உங்களை அழுத்தமாக எச்சரிக்கிறேன். பக்கத்து வீட்டில் சொன்னது, குறைந்த ஆற்றல் சிவப்பு ஒளியைத் தனிக் கருவிமூலம் கண்ணுக்குள் நேரடியாகச் செலுத்தும் சிகிச்சையைப் பற்றியதாக இருக்கும். அதில் விழித்திரை பாதிக்கப்பட்ட நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கண் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் தொடக்கூடாத விஷயம் அது. படுக்கையறை விளக்குக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிட்டப்பார்வை வராமல் தடுக்க இன்று நல்ல சான்றுள்ள வழி, பிள்ளை பகலில் வெளியே விளையாடுவது. அது தூக்கத்துக்கும் உதவும்.

மகனுக்குக் குறைவது நேரம்

பத்தே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை ஏழு மணி நேரம். இந்த வயதுக்கு 9 முதல் 11 மணி நேரம் தேவை. ஒவ்வொரு பள்ளி நாளும் குறைந்தது இரண்டு மணி நேரக் கடனோடு அவன் எழுகிறான். எந்த நிற ஒளியும் அந்தக் கடனை அடைக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். உதய ஒளியை அரை மணி நேரத்துக்கு வைத்திருந்தால், அது 5.15க்கே எரியத் தொடங்கி, இருக்கும் கொஞ்சத் தூக்கத்திலும் கை வைக்கிறது.

உதய ஒளி என்ற எண்ணம், குளிர்காலக் காலைகள் இருட்டாக இருக்கும், உலகின் வடபகுதி நாடுகளில் பிரபலமானது. நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் இருக்கும் நமக்கு எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு இயல்பான நேரத்தைவிட நம் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்குமேல் முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1 அன்று இன்னும் அரை மணி முன்னே நகர்த்தியதில் இது கூடியது. உங்கள் மகன் 5.45க்கு எழும்போது சூரியக் கணக்கில் மணி ஐந்துகூட ஆகியிருக்காது. அவன் அழுவது பிடிவாதத்தால் அல்ல. உடலின் நடு இரவிலிருந்து அவனை இழுத்து வருகிறோம்.

அதனால் உதய ஒளியை வைத்துக்கொள்ளுங்கள், பதினைந்து நிமிடத்துக்கு மட்டும். சத்தமான அலாரத்தைவிட அப்படி எழுவது மந்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். கடிகாரம் முகத்திலிருந்து கை நீட்டும் தூரத்தில் இருந்தால்தான் பலன். எழுந்ததும் சமையலறையின் எல்லா விளக்கையும் போட்டு அங்கே பால் கொடுங்கள்.

பெரிய மாற்றம் இரவில் நடக்க வேண்டும். ஐபேடை மாலைக்கு நகர்த்துங்கள். தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் திரை வேண்டாம் என்று சுகாதார அமைச்சின் வழிகாட்டியும் சொல்கிறது. எட்டு மணிக்குமேல் வரவேற்பறையின் கூரை விளக்கை அணைத்து ஒரு மேசை விளக்கோடு இருங்கள். படுக்கும் நேரத்தை ஒரே நாளில் மாற்றாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். ஒன்பது மணியை எட்ட ஒரு மாதம் ஆகும். அதுவரை சனி, ஞாயிறில் ஒரு மணி நேரத்துக்குமேல் அதிகமாகத் தூங்க விடாதீர்கள். இல்லாவிட்டால் திங்கள் இரவு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரவு நேர டியூஷன் இதற்கு இடையூறு என்றால் அதை வார இறுதிக்கு மாற்றுங்கள், அல்லது ஒன்றை விடுங்கள். சொல்வது எளிது, செய்வது கடினம் என்று அறிவேன். இருந்தாலும் தூங்காத பிள்ளைக்கு மறுநாள் வகுப்பில் எதுவும் ஏறாது. அப்புறம் பேருந்து. பல இடங்களில் ஏறி இறங்கி வருவதால்தான் 6.20க்கே வருகிறது. பள்ளி பக்கத்தில் இருந்தால், யாராவது நேராகக் கூட்டிப்போக முடியுமா என்று பாருங்கள். காலையில் கிடைக்கும் முப்பது நாற்பது நிமிடம், இரவில் சண்டை போட்டுப் பெறுவதைவிட மலிவு.

அத்தைக்குத் தேவை இதற்கு நேர்மாறானது

எட்டரைக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரம். மதியம் ஒன்றரை மணி நேரம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏழு எட்டு மணி நேரம் போதும். அத்தைக்குத் தூக்கம் இல்லாமல் இல்லை. தூக்கம் தவறான நேரத்தில் வந்து, எல்லாரும் உறங்கும் வேளையில் முடிந்துவிடுகிறது. வயதாகும்போது உயிரியல் கடிகாரம் முன்னே நகர்வது இயல்பு. கண் வில்லை மஞ்சளடைவதால் உள்ளே போகும் நீல ஒளியும் குறைகிறது. அதனால் மாலை ஆறரைக்கே அறையில் செம்மஞ்சள் ஒளியைப் போட்டு உட்கார வைத்தால் அவரை இன்னும் சீக்கிரம் தூங்க அனுப்புகிறீர்கள்.

அவருக்கு மாலை வெளிச்சம் வேண்டும். காலை ஏழு மணி நடையை மாலை ஐந்தரைக்கு மாற்றச் சொல்லுங்கள். காலை ஒளி கடிகாரத்தை முன்னே தள்ளும், மாலை ஒளி பின்னே தள்ளும். நம் ஊரில் ஏழு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, ஐந்தரைக்கு வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும். பேரனையும் விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போனால் இருவருக்கும் நல்லது. மதியத் தூக்கத்தை அரை மணி நேரமாக்கி, மூன்று மணிக்கு முன்பே முடிக்கட்டும். படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள். எல்லாருக்கும் இது முழுதாகப் பலிக்காது. ஆனால் மூன்றரை நாலரையானாலே பலருக்கு மனம் லேசாகிவிடுகிறது.

இப்போது உங்கள் வீட்டில் வரிசை தலைகீழாக இருக்கிறது. பாட்டி எட்டரை, பேரன் பத்தே முக்கால். அவன் விளக்கைப் போட்டுக்கொண்டு அறைக்குள் வரும்போது அவருடைய முதல் தூக்கம் கலைந்தாலும் ஆச்சரியமில்லை. பேரன் ஒன்பது, பாட்டி பத்து என்று ஆனால் ஒரே அறை இருவருக்கும் சரிப்படும்.

விழித்ததும் அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மணியை எண்ணுகிறார், கவலைப்படுகிறார். கவலை மீதித் தூக்கத்தையும் விரட்டும். மணி காட்டும் திரையை அணைத்துவிடுங்கள், அல்லது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். செயலியின் மதிப்பெண்ணை அவரிடம் சொல்லவே வேண்டாம். மெத்தைக்குப் பக்கத்திலிருந்து அசைவையும் மூச்சையும் வைத்து ஊகிக்கும் கருவி அது. ஒரே அறையில் இருவர் படுத்தால் யாருடைய அசைவு யாருடையது என்றே குழம்பிவிடும். தூக்கத்தின் நிலைகளை உறுதியாகச் சொல்ல மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனை வேண்டும்.

ஒரு நல்ல பயன் இருக்கிறது. இரவில் அவர் கழிவறைக்கு எழுந்தால், கடிகாரத்தைத் தரையோடு தாழ்வாக வைத்து மிக மங்கலான செம்மஞ்சளில் விடுங்கள். கால் வைக்கும் இடம் தெரியும், தூக்கமும் முழுதாகக் கலையாது. தூக்க மாத்திரை எடுக்கும் முதியவர்கள் இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் எனக்குப் பெரிய பயம்.

மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள்

ஆண்டுக்கணக்கில் எடுத்த தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகலாம். பதற்றமும் நடுக்கமும் வரலாம், அரிதாக வலிப்புகூட வரலாம். அதே சமயம், இந்த வயதில் அதைத் தொடர்வதும் நல்லதல்ல. விழுதல், குழப்பம், மறதி எல்லாம் கூடும். எனவே குறைக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி. வாரக்கணக்கில் படிப்படியாக, மருத்துவர் சொல்லும் அளவில் குறைக்க வேண்டும். ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்து தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் ஹெல்த்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கத் திட்டத்தில் அத்தை சேர்ந்திருந்தால் அந்த மருத்துவரிடம், இல்லையென்றால் பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். நீண்டகாலத் தூக்கமின்மைக்கு முதலில் செய்ய வேண்டியது மாத்திரையல்ல, தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டல். அதைப் பற்றிக் கேளுங்கள்.

கணவரும் கடிகாரமும் பணமும்

இரவுப் பணி முடிந்து வரும் உங்கள் கணவருக்கு இந்தக் கடிகாரத்தால் பெரிய பயன் இல்லை. அவருக்கு வேண்டியது பகலில் இருட்டான, சத்தமில்லாத, குளிர்ந்த அறை. பணியின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருப்பதும், வீடு திரும்பும்போது கருப்புக் கண்ணாடி அணிவதும் உதவும். அவரே காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டிவந்தால், தூக்கம் வரும் நிலையில் கண்ணாடி வேண்டாம். ரயிலில் வருவது அதைவிட நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை நான் வழக்கறிஞர் அல்ல, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பொருளில் குறையில்லாமல், மனம் மாறியது என்பதற்காக மட்டும் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை இங்கே சட்டத்தில் இல்லை. விற்பனையாளர் தாமாகத் தரும் திருப்பியனுப்பும் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பொருள் பழுது என்றால் கதை வேறு. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, தரும்போதே இருந்ததாகச் சட்டம் கருதும். 'தூக்கமின்மையைக் குணப்படுத்தும்' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அதைத் திரைப்பிடித்து வைத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள். 'இதமான உறக்கச் சூழல்' போன்ற வாசகம் மட்டும் என்றால் வழக்கு வலுவில்லாதது. மின்மாற்றியில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா, 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். இரவு முழுவதும் பிள்ளையின் தலைமாட்டில் செருகியிருக்கும் பொருள் அது. ஒலிவாங்கி இருந்தால் அதை அணைக்கும் பொத்தானைத் தேடி அணைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், திருப்பிக் கொடுக்க முடியாவிட்டாலும் கவலை வேண்டாம். காலையில் பதினைந்து நிமிட உதயம், இரவில் தரையோரம் மங்கலான செம்மஞ்சள், மணி காட்டும் திரையும் மதிப்பெண்ணும் அணைப்பு. இந்த அளவில் அது உங்களுக்குப் பயன்படும்.

மேலே சொன்னவற்றை ஆறு வாரம் செய்து பாருங்கள். சில அறிகுறிகளுக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். மகன் வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடுகிறான், நடுவில் மூச்சு நின்று திணறுகிறான் என்றால் தொண்டைச் சதை (டான்சில்) வீக்கமோ மூக்கு ஒவ்வாமையோ காரணமாக இருக்கலாம். அத்தை இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார், காலில் வீக்கம், பகலில் ஆர்வமின்மை, அழுகை என்றால் சர்க்கரை, இதயம், மனச்சோர்வு எல்லாம் பார்க்க வேண்டும். கணவர் வண்டி ஓட்டும்போது கண் செருகினால் அதுவும் உடனே காட்ட வேண்டியது. மருத்துவரிடம் போகும்போது செயலியின் வரைபடத்தை எடுத்துப்போக வேண்டாம். படுத்த நேரம், எழுந்த நேரம், மதியத் தூக்கம் ஆகியவற்றை இரண்டு வாரம் ஒரு தாளில் எழுதி, அத்தை எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கூடவே கொண்டுபோங்கள்.